பம்புக்கு முன்னால் ஒரு குழாய்: எட்டு மாதப் பாவனைக்குப் பிறகு

இதை மேசையில் வைத்துவிட்டுப் போனால், ஏதோ விளையாட்டுச் சாமானின் உடைந்த துண்டு என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். ஒரு சாண் நீளம்கூட வராது. உள்ளே தெரிகிற பிளாஸ்ரிக் குழாய். ஒரு முனையில் மென்மையான இறப்பர் வளையம். அதற்குள் தொய்வுக்கு (ஆஸ்துமாவுக்கு) அடிக்கிற பம்பின் வாயைச் செருக வேண்டும். மறு முனை நாங்கள் வாய் வைக்கும் பக்கம், அதற்குள் தாள் போல மெல்லிய ஒரு வால்வு. பெயர் ஸ்பேசர். போன கார்த்திகையில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் ஒரு பாமசியில் வாங்கினேன். விலை மூவாயிரம் ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. அன்றிலிருந்து காலையும் இரவும் ஒரு நாள் தவறாமல் பாவித்துவருகிறேன். இப்போது ஆடி மாதம், சோளகம் முற்றத்து மண்ணையெல்லாம் அள்ளி வீட்டுக்குள் போடுகிறது. என் குரல் என்னிடம் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கோண்டாவிலில் இருக்கிறேன். முப்பத்துநான்கு வருடம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். அதைவிட நீண்ட காலமாக எங்கள் ஊர்க் கோயிலில் புராணம் படிக்கிறேன். யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு சொல்: இங்கே புராண படனம் என்றால் ஒருவர் செய்யுளை இராகத்தோடு படிப்பார், இன்னொருவர் அதற்குப் பயன், அதாவது பொருள், சொல்லுவார். நான் படிக்கிற ஆள். எனக்கு முதல் என் அப்பா அதே இடத்தில், அதே தூணடியில் இருந்து படித்தார். அவர் வைத்திருந்த சிக்குப்பலகையில்தான் நானும் புத்தகத்தை விரிக்கிறேன்.

தொய்வும் குடும்பச் சொத்துத்தான். அப்பம்மாவுக்கு இருந்தது. மாரியில் இரவு முழுவதும் திண்ணையில் குந்தியிருந்து, தூணில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விடுவார். ஊமத்தை இலையைக் காயவைத்துப் புகை பிடிப்பார். அந்த இழுப்புச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. அமுக்கினால் மருந்து வருகிற பம்ப் உலகத்துக்கு வந்தது 1956இல், மூச்சுக் குழாயின் வீக்கத்தைத் தணிக்கிற ஸ்டீரொயிட் பம்ப் வந்தது 1972இல். அவை எங்கள் திண்ணை வரைக்கும் வந்துசேர முதலே அப்பம்மா போய்விட்டார். அதனால் பம்பைக் குறைசொல்லும் எந்தப் பேச்சையும் நான் சும்மா கேட்டுக்கொண்டிருப்பதில்லை. ஆனாலும் ஒரு தடவை நானே அந்தப் பிழையைச் செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

போன வருடம் ஆவணி அளவில் குரல் மாறத் தொடங்கியது. முதலில் காலையில் மட்டும். எழும்பி இரண்டு மணித்தியாலத்துக்குக் கரகரப்பு, பிறகு சரியாகிவிடும். பிறகு மேலே போகும் இடங்களில் சத்தம் வராமல் வெறும் காற்று வந்தது. நான் இரண்டு கட்டைச் சுருதியில் படிக்கிறவன். ஒன்றரைக்கு இறக்கினேன். பிறகு ஒன்றுக்கு. நாட்டைக்குறிஞ்சியில் ஒரு பாட்டை எடுத்தால் மூன்றாம் அடியில் குரல் இரண்டாகப் பிளந்தது. பயன் சொல்லும் நண்பர் என் முகத்தைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அவ்வளவு மனவருத்தம். தொண்டையில் எப்போதும் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போல இருக்கும், செருமிக்கொண்டே இருப்பேன். ஆடாதோடைக் குடிநீர், தூதுவளைத் துவையல், அதிமதுரம், மிளகும் கற்கண்டும், இப்படி வீட்டில் எல்லாம் பார்த்தோம். கடையில் வாங்கும் மெந்தோல் இனிப்பை ஒரு நாளைக்கு ஏழு எட்டு என்று சூப்பினேன். அது தொண்டையை இன்னும் காயவைக்கிறது என்பது அப்போது தெரியாது.

அந்த நேரம் ஒருவர் சொன்னார், நீங்கள் அடிக்கிற அந்த மண்ணிறப் பம்ப்தான் குரலைத் தின்கிறது, அது ஸ்டீரொயிட் என்று. அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையை நம்பிப் புரட்டாசியில் மண்ணிறப் பம்பை நிறுத்தினேன். நீலப் பம்ப் மட்டும் போதும் என்று நினைத்தேன். நீலம் உடனே குழாயை விரிக்கும், அந்த நேரத்து ஆறுதல். மண்ணிறம் நாள்தோறும் உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தணிப்பது, அடித்த உடனே ஒன்றும் தெரியாது. தெரியாததால் வேலை செய்யவில்லை என்று ஆட்கள் நினைக்கிறார்கள். பன்னிரண்டாம் நாள் இரவு இரண்டு மணிக்கு முட்டு வந்தது. நீலத்தை எத்தனை தரம் அடித்தேன் என்று எண்ணவில்லை. மகன் ஓட்டோ பிடித்து ஏற்றினான். வாசலில் மனைவி "இஞ்சருங்கோ, கதைக்காதையுங்கோ, மூச்சை மட்டும் விடுங்கோ" என்று சொல்லிக்கொண்டே வந்தது மட்டும் ஞாபகம். ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்து, ஊசி போட்டு, இரண்டு நாள் விடுதியில் வைத்திருந்தார்கள்.

அப்பம்மாவைப் போலக் கட்டிலின் விளிம்பில் குந்தியிருந்துகொண்டு அந்த இரவில் நினைத்தேன்: குரல் போனால் படிப்புத்தான் போகும், மூச்சுப் போனால் என்ன இருக்கிறது என்று. இதை வாசிப்பவர்களில் யாராவது குரலுக்குப் பயந்து மண்ணிறப் பம்பை நிறுத்தியிருந்தால், தயவுசெய்து நாளைக்கே உங்கள் டொக்டரிடம் போங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், எல்லாம் அவரைக் கேட்டு.

ஐப்பசியில் கந்தசஷ்டி ஆறு நாளும் வேறொருவர் படித்தார். நல்ல குரல், இளம் ஆள். நான் வழமையான தூணடியில் இருந்து கேட்டேன். இதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

சஷ்டி முடிந்த கையோடு காது மூக்கு தொண்டைக் கிளினிக்கில் காட்டினேன். மூக்குக்குள் மரத்துப்போகும் மருந்தை ஸ்பிரே பண்ணி, மெல்லிய வளையும் குழாய்க் கமராவை மூக்கு வழியே தொண்டைக்கு இறக்கினார்கள். நோகவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது, அவ்வளவுதான். "ஈ என்று சொல்லுங்கோ ஐயா" என்றார் டொக்டர். திரையில் என் குரல்நாண்களை நானே பார்த்தேன். ஆண்குரலில் சாதாரணமாகக் கதைக்கும்போது அவை செக்கனுக்கு நூறு தடவைக்கு மேல் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று எத்தனையோ வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அன்றுதான் கண்டேன். இரண்டும் முழுதாகச் சேரவில்லை. நடுவில் ஓர் ஒடுங்கிய இடைவெளி. அதனால்தான் சத்தத்தோடு காற்றும் வந்திருக்கிறது. அண்ணத்தில் வெள்ளை வெள்ளையாகச் சில படைகள். குரல்நாண்களின் பின்பக்கம் சிவந்து தடித்திருந்தது.

மூன்று காரணம் சொன்னார். பம்பு மருந்தில் பெரும் பகுதி தொண்டையிலேயே படிவதால் குரல்நாணை அசைக்கும் தசை பலம் குறைந்திருக்கிறது, அது மருந்து படிவது குறையக் குறையத் திரும்பி வரும். வெள்ளைப் படை பூஞ்சணம், அதே மருந்து வாயின் எதிர்ப்பைக் குறைப்பதால் வருவது. பின்பக்கச் சிவப்பு, வயிற்று அமிலம் இரவில் மேலே ஏறி வருவதற்கான அடையாளமாக இருக்கலாம். "எனக்கு நெஞ்செரிவே இல்லையே டொக்டர்" என்றேன். தொண்டை வரைக்கும் ஏறுகிற பலருக்கு நெஞ்செரிவு இருக்காது என்றார். காலைக் கரகரப்பு, செருமல், தொண்டையில் கட்டி போன்ற உணர்வு, இவைதான் இருக்குமாம். மூன்றும் என்னிடம் இருந்தன. பூஞ்சணத்துக்கு நிஸ்ரற்றின் துளிமருந்து, வயிற்றுக்கு ஒமெப்பிரசோல். அப்புறம் துண்டில் ஒரு சொல் எழுதித் தந்தார்: ஸ்பேசர்.

அதுவரை நான் பம்ப் வாங்கிய கடைகளில் ஒருவரும் அந்தச் சொல்லை என்னிடம் சொன்னதில்லை. ஒரு கடையில் பம்பைப் பொலித்தீன் பையில் போட்டுத் தந்துவிட்டு, எப்படி அடிப்பது என்று கேட்டதற்கு "வாயில வைச்சு அமத்துங்கோ" என்று மட்டும் சொன்னார்கள். அதை வைத்துக்கொண்டு வருடக்கணக்காக அமத்தினேன். இந்த முறை போன பாமசியில் கவுண்டரில் நின்ற பிள்ளை என்னைக் கண்டதும் "சேர்!" என்றாள். என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் படித்தவளாம். துண்டை வாசித்துவிட்டு, "பம்ப் கொண்டுவந்தனீங்களோ சேர்? ஒருக்கா எனக்கு அடிச்சுக் காட்டுங்கோ" என்றாள். காட்டினேன். "சேர், நீங்கள் மூச்சை இழுக்கிறதுக்கு முதலே அமத்துறியள். மருந்து முழுக்க அண்ணத்திலதான் படுது" என்றாள். பிறகு கதிரை எடுத்துப் போட்டு இருக்கவைத்து, கால் மணித்தியாலம் சொல்லித் தந்தாள். அந்தக் கால் மணித்தியாலம் பொருளோடு சேர்ந்து வந்தது என்றுதான் நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

அவள் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன், படிப்பித்த பழக்கம் விடாது. பம்பை அமுக்கும்போது மருந்து மிக வேகமாகத் துளிகளாகப் பாய்கிறது. வாயிலிருந்து தொண்டைக்குப் போகும் பாதை நேரானதில்லை, பின்னால் ஒரு செங்குத்தான வளைவு. கோண்டாவில் சந்தியில் வேகமாக வருகிற லொறியால் திடீரென்று திரும்ப முடியாது, மெதுவாக வரும் சைக்கிள் திரும்பிவிடும். அதேதான். பெரிய, வேகமான துளிகள் தொண்டைச் சுவரில் மோதி அங்கேயே படிந்துவிடுகின்றன. 5 மைக்ரோமீற்றருக்கும் குறைந்த சிறு துளிகள்தான் திரும்பி நுரையீரலின் ஒடுங்கிய குழாய்கள் வரைக்கும் போகும். வெறும் பம்பில் அடித்தால் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான் சேரவேண்டிய இடத்துக்குச் சேருகிறது. மிச்சத்தில் பெரும் பகுதி வாய்க்கும் தொண்டைக்கும். நான் இவ்வளவு காலமும் நுரையீரலுக்கு என்று வாங்கிய மருந்தைக் குரல்நாணுக்குப் பூசிக்கொண்டிருந்தேன்.

ஸ்பேசர் செய்வது இதுதான்: மருந்து முதலில் குழாய்க்குள் பாய்ந்து வேகம் தணிகிறது. பெருந்துளிகள் என் தொண்டைக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. சிறு துளிகள் மூடுபனி போலப் புகாராக நிற்கின்றன. நான் ஆறுதலாக மூச்சை இழுக்கும்போது வால்வு திறந்து அந்தப் புகார் மட்டும் உள்ளே வருகிறது. அமுக்குவதும் இழுப்பதும் ஒரே கணத்தில் நடக்க வேண்டிய அவசியம் இல்லை. எனக்குக் கையில் வாதம், விரல்கள் விறைக்கும். அந்தச் சின்னத் தாமதம் எனக்குப் பெரிய உதவி. ஆனால் அமுக்கிவிட்டுக் கதைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. சில செக்கனுக்குள் இழுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் சுவரில் படிந்துவிடும்.

என் முறை இப்படி: பம்பை நன்றாகக் குலுக்குவேன், செருகுவேன், மூச்சை வெளியே விட்டுவிட்டு வாய் வைத்து உதட்டால் இறுக்குவேன். ஒரு தடவை அமுக்கி, மெதுவாக இழுத்து, பத்து வரை எண்ணிப் பிடித்திருப்பேன். இரண்டாவது தடவைக்கு அரை நிமிடம் பொறுத்துத் திரும்பவும் குலுக்குவேன். இரண்டையும் ஒன்றாக அமுக்கி ஒரே மூச்சில் இழுத்தால் நேரம் மிச்சம் என்று நினைத்திருந்தேன். துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிவிடும், பயன் குறையும். என்னுடையதில் ஒரு விசில் இருக்கிறது, வேகமாக இழுத்தால் சத்தம் போடும். முதல் கிழமை முழுவதும் விசில்தான். பேத்தி அடுத்த அறையிலிருந்து "அப்பப்பா, மெதுவா!" என்று கத்துவாள். விசில் சத்தம் வந்தால்தான் சரி என்று நினைத்து வேகமாக இழுக்கிறவர்களும் இருக்கிறார்களாம். வராமல் இருப்பதுதான் சரி.

இதைவிட முக்கியம் அடித்த பிறகு வாய் கொப்பளிப்பது. தொண்டை வரைக்கும் தண்ணீரை விட்டுக் கரகரவென்று கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. மறந்துபோகிறவர்களுக்கு ஒரு வழி: பம்பையும் ஸ்பேசரையும் பல் தீட்டும் பிரஷ்சுக்குப் பக்கத்தில் வையுங்கள். பல் தீட்ட முதல் பம்ப். பிறகு கொப்பளிப்பு தானாக நடந்துவிடும். பொய்ப்பல் வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றிக் கழுவி, இரவில் கழற்றி வைத்துவிட வேண்டும். எனக்கு மேல்வரிசையில் மூன்று பொய்ப்பல், பூஞ்சணம் முதலில் பிடித்தது அதற்கு மேலேதான்.

கழுவுகிற விசயத்தில் நான் ஒரு பிழை விட்டேன். முதல் மாதம் கழுவிவிட்டு வேட்டித் துணியால் நன்றாகத் துடைத்து மினுக்கி வைத்தேன். பிளாஸ்ரிக்கைத் துணியால் தேய்த்தால் நிலைமின் ஏறும் என்று ஆறாம் வகுப்புக்குச் சீப்பையும் கடதாசித் துண்டையும் வைத்துக் காட்டிய ஆள் நான். நிலைமின் ஏறிய சுவர் மருந்துத் துளிகளை இழுத்து ஒட்டவைத்துவிடும், வாய்க்கு வருவது குறையும். பெட்டிக்குள் இருந்த தாளிலும் துடைக்கக் கூடாது என்றுதான் போட்டிருந்தது. இப்போது இரண்டு கிழமைக்கு ஒரு தரம் பகுதிகளைக் கழற்றி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு ஊறப்போட்டு, உதறி, தட்டுத் தாங்கியில் நிமிர்த்தி வைத்துவிடுவேன். தானாகக் காயட்டும். புதிதாக வாங்கியதையும் பாவிக்க முதல் ஒரு தரம் இப்படிச் செய்வது நல்லது.

குறைகளும் இருக்கின்றன. சட்டைப் பையில் போகாது. கலியாண வீடு, யாத்திரை என்று போகும்போது தனிப் பை வேண்டும். திருக்கேதீச்சரம் போனபோது பையோடு வீட்டில் விட்டுவிட்டுப் போய், இரண்டு நாள் வெறும் பம்பில் அடித்தேன். மூன்றாம் நாள் குரலில் தெரிந்தது. இறப்பர் வளையம் எட்டு மாதத்தில் சற்றுத் தளர்ந்துவிட்டது, பம்பைச் செருகினால் முன்போல இறுகப் பிடிப்பதில்லை. வால்வு இன்னும் நல்லாக இருக்கிறது. ஆறு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில் மாற்ற வேண்டிய பொருள் என்று சொல்லித்தான் தந்தாள், அதனால் இதைக் குறையாக எடுக்கவில்லை. ஆனால் ஓய்வூதியக்காரருக்கு மூவாயிரம் ரூபா சின்னக் காசு இல்லை. வெளியே அடிக்கும்போது ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கோயில் வீதியில் ஒருவர் "என்ன வருத்தம் ஐயா, பெருசோ?" என்று கேட்டார். இருந்து விளக்கினேன். அவருடைய மகளுக்கும் தொய்வாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். எல்லா மருந்துக்கும் இது பொருந்தாது. குளிசைக் கூட்டை உடைத்துப் பொடியை இழுக்கும் வகைப் பம்புக்கு ஸ்பேசர் இல்லை. அதற்கு மூச்சைப் பலமாகவும் வேகமாகவும் இழுக்க வேண்டும், இதற்கு நேர்மாறு. அந்த வகை பாவிப்பவர்களுக்குக் கொப்பளிப்புத்தான் வழி, குரல் பிரச்சினை கடுமையாக இருந்தால் அமுக்கும் வகைக்கு மாறலாமா என்று டொக்டரைக் கேட்கலாம். பம்பில் எவ்வளவு மருந்து மிச்சம் என்பதையும் ஸ்பேசர் காட்டாது. தண்ணீரில் போட்டு மிதக்கிறதா பார்க்கும் வழக்கம் பிழை. என் பம்பில் 200 தடவை. நாளுக்கு நான்கு என்றால் 50 நாள். தொடங்கும் திகதியைப் பம்பின் முதுகில் எழுதிவிடுகிறேன்.

வாய்ப்பகுதியில் பிள்ளைகளுக்கு மாஸ்க் மாட்டுகிற வகையும் உண்டு. இதைவிட நான்கைந்து மடங்கு பெரிய, 750 மில்லிலீற்றர் கொள்ளும் வகையும் உண்டு. என்னுடையது 150 அளவில். பெரியதை ஓர் உறவினர் வீட்டில் பார்த்தேன், வேலை நன்றாகச் செய்கிறது, ஆனால் கொண்டு திரிய முடியாது. எனக்குச் சின்னது போதும்.

சரி, குரல். ஸ்பேசர் வாங்கி இரண்டு கிழமையில் அண்ணத்து வெள்ளைப் படை போய்விட்டது, அதில் நிஸ்ரற்றினுக்கும் பங்கு உண்டு. ஒரு மாதத்தில் கதைக்கும் குரல் தெளிந்தது. காலைக் கரகரப்பு மட்டும் போகவில்லை. ஸ்பேசரைக் குறை சொல்லத் தொடங்கியிருந்தேன். பிறகுதான், டொக்டர் சொன்ன மூன்றாவது காரணமான வயிற்று அமிலத்துக்கு நான் ஒமெப்பிரசோல் குளிசையைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்பது விளங்கியது. அதைக்கூடச் சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முதல், வெறும் வயிற்றில் போட வேண்டியது.

என் இரவுகளை நினைத்துப் பாருங்கள். படிப்பு உள்ள நாளில் பகல் முழுவதும் விரதம், இடையில் நாலைந்து பிளேன்ரீ. பூசை முடிந்து வீட்டுக்கு வர ஒன்பதரை. பசியில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும், உறைப்பு என்றால் யாழ்ப்பாணத்து உறைப்பு, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் பத்தரைக்குப் படுக்கை. வயிற்றுக்கும் உணவுக் குழாய்க்கும் நடுவில் உள்ள வாசலை இடுப்பில் இறுக்கிக் கட்டிய சால்வையும் தள்ளுகிறது, குனிந்திருந்து படிப்பதும் தள்ளுகிறது. அந்தக் காலத்தில் இரவுத் தொய்வுக்கு என்று நான் போட்டுவந்த தியோபிலின் குளிசையும் அந்த வாசலைத் தளர்த்தும் வகை. ஏறுகிற அமிலம் தொண்டைக்கு மட்டும் கெடுதி இல்லை, தொய்வையும் கிளப்பும். இரண்டும் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டிருந்தன.

தியோபிலினை டொக்டர் நிறுத்தினார். கட்டிலின் தலைப்பக்கக் கால்கள் இரண்டுக்கும் கீழே வைக்க, தச்சு வேலைக்காரர் பனங்குற்றி இரண்டு அறுத்துத் தந்தார், ஒவ்வொன்றும் ஆறு அங்குல உயரம். தலையணையை அடுக்கிப் பார்க்காதீர்கள், அது வயிற்றை மடித்து இன்னும் அமுக்கும், முழுக் கட்டிலும் சரிய வேண்டும். இடப்பக்கம் சரிந்து படுக்கிறேன். இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு. படிப்பு உள்ள நாளில் கோயிலுக்குப் போக முதலே இடியப்பமும் சொதியும் கொஞ்சமாக. பூசைக்குப் பிறகு தருகிற சுண்டலையும் மோதகத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்து காலையில் சாப்பிடுகிறேன். மனைவிக்கு இது முதலில் பிடிக்கவில்லை, இரவு வெறும் வயிற்றோடு படுக்கிறார் என்று கவலை. இப்போது அவரும் ஏழு மணிக்கே சாப்பிடுகிறார். சிக்குப்பலகைக்குக் கீழே ஒரு பெட்டி வைத்து உயர்த்திவிட்டேன், குனிய வேண்டியதில்லை. மெந்தோல் இனிப்பை விட்டேன். செருமல் வந்தால் ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறேன். டொக்டர் சொன்னது: "செருமாதையுங்கோ ஐயா, அது நாணை நாணோட அடிக்கிற வேலை. குசுகுசுக்கவும் வேண்டாம், அதுவும் இறுக்கும். கதைக்கிறதென்றால் மெல்லிய குரலில இயல்பாக் கதையுங்கோ." குரல் போனவர்கள் எல்லோரும் முதலில் செய்வது குசுகுசுப்பதுதான், நானும் செய்தேன்.

மார்கழித் திருவெம்பாவைக்கு, விடியப்புறம் நான்கு மணிக்கு, சங்கும் சேமக்கலமும் கேட்கிற குளிரில் கோயிலுக்குப் போய் ஒரு பாட்டு மட்டும் பாடிப் பார்த்தேன். ஒரு கட்டையில். உடையவில்லை. சாம்பிராணிப் புகைக்குத் தள்ளி, கிழக்கு வாசல் காற்றில் இருந்தேன். தையில் ஒன்றரைக் கட்டை. சித்திரையில் படிப்புத் தொடங்கியபோது தூணடி திரும்பவும் எனக்கு. பயன் சொல்லும் நண்பர் முதல் பாட்டு முடிந்ததும் தொடங்காமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். இரண்டு கட்டை இன்னும் வரவில்லை. மேல் ஸ்தாயியில் ஓரிடத்தில் மெல்லியதாகக் காற்று இன்னும் கசிகிறது. மீண்டும் கமரா வைத்துப் பார்த்தபோது இடைவெளி சுருங்கியிருந்தது, முழுதாக மூடவில்லை. பம்பின் அளவையும் ஒரு படி குறைத்திருக்கிறார்கள், தொய்வு அடங்கியிருப்பதால். ஸ்பேசர் பூஞ்சணத்தை நிறுத்திய அளவுக்குக் குரலடைப்பை முழுவதும் நிறுத்தும் என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். பரீட்சைத் தாளாக இருந்தால் நூற்றுக்கு எண்பது கொடுப்பேன். பத்துப் புள்ளி விலைக்கும் இறப்பருக்கும் குறைத்தது, பத்து அந்தக் காற்றுக்கு.

மூன்று கிழமைக்கு மேல் குரல் அடைத்திருந்தால், காரணம் பம்ப் என்றோ வாயு என்றோ நீங்களே முடிவெடுக்காமல் தொண்டைக்குள் பார்க்கச் சொல்லுங்கள். சுருட்டுப் பிடிப்பவர்கள், வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள் இன்னும் கெதியாகப் போக வேண்டும். கிளினிக் வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் ஐந்து மாதம் கற்கண்டு சூப்பிக்கொண்டிருந்தவர்.

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் புதிய ஸ்பேசர் ஒன்று எடுக்க வேண்டும், இந்த வளையம் அதுவரைதான் தாங்கும். அதே பாமசிக்குத்தான் போவேன். என் மாணவி அங்கே இன்னும் நிற்கிறாள். போகிற நேரம் அந்தக் கோயில் வீதிக்காரரையும் அவருடைய மகளையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறேன்.